இரட்டை வாடகை வாங்கினால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தமா?

ஓட்டேரிவாசி:
'திருநங்கைகளை ஏழை ஜனங்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், படித்த நடுத்தர வர்க்கம்தான் ஒதுக்குகிறது, கூவாகம் திருவிழாவே சாட்சி' என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நான் இருப்பது எட்டுக் குடித்தனம் உள்ள லைன் வீடு. எங்களுக்கு வாடகை 3,500. கடைசி அறையில் இருக்கும் இரண்டு திருநங்கைகளுக்கு 7,000. அதே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதே ஒற்றைக் குழாய், அதே பொதுக் கக்கூஸ். வீட்டுக்கார அம்மா பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்தார், அவர்களும் திருஷ்டி சுற்றி, நெற்றியில் ஒரு ரூபாய் வைத்து வாழ்த்தினார்கள். ஒன்றாம் தேதி விடிந்ததும் அதே அம்மா கதவைத் தட்டி 7,000 எண்ணி வாங்குகிறார். இதுதான் ஏற்றுக்கொள்வதா?

கெடிலக்கரை:
எழுதியது நான்தான், நேராகவே கேட்கலாம். எனக்குக் கூவாகம் இருக்கும் உளுந்தூர்பேட்டைப் பக்கம். சித்திரையில் கூத்தாண்டவர் என்கிற அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ள வரும் அரவாணிகளுக்கு எங்கள் ஜனங்கள் திண்ணையில் பாய் விரித்துக் கொடுப்பார்கள். வேண்டுதல் என்றால் எங்கள் ஊர் ஆண்களே தாலி கட்டிக்கொள்வார்கள். இரட்டையோ ஒற்றையோ, வீடு கிடைத்ததா இல்லையா? அடுக்குமாடியில் நான்கு மடங்கு கொடுத்தாலும் கேட்டைத் தாண்ட முடியுமா?

ஓட்டேரிவாசி:
மறுநாள் அரவான் பலியானதாகத் தாலி அறுத்து ஒப்பாரி முடிந்ததும் அதே திண்ணை வீட்டில் ஒரு ரூம் வாடகைக்குக் கேட்டால் கொடுப்பீர்களா? ஒற்றை வாடகைக்கு?

ரயிலடி:
கொச்சி மெட்ரோவில் 2017-ல் திருநங்கைகளை வேலைக்கு எடுத்தார்கள், நாடே பாராட்டியது. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே 8 பேர் நின்றுவிட்டார்கள். தங்க வீடு கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். கை நிறையச் சம்பளம் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று யாரும் சொல்ல வேண்டாம். அப்புறம் கெடிலக்கரை, அரவாணி என்ற சொல்லை எப்போதோ விட்டாயிற்று. 2008-ல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்து இத்தனை வருடம் ஆன பிறகும் இன்னும் அதே பேச்சா?

கெடிலக்கரை:
அரவானைக் கும்பிடுகிற ஊர்க்காரன் அப்படித்தான் சொல்வேன், சென்னையில் இருந்துகொண்டு எனக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டாம்.

ரயிலடி:
நான் சென்னையே இல்லை, திருச்சி. போன மாதம் ஜல்லிக்கட்டுப் பேச்சிலும் இப்படித்தான் பதில் இல்லாமல் ஊரை இழுத்தீர்கள்.

பிச்சிப்பூ:
நான் திருநங்கை. இரட்டை வாடகையும் கொடுத்திருக்கிறேன், அடுக்குமாடியில் அட்வான்ஸைத் திருப்பித் தந்து அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். என்னை முதலில் வெளியே தள்ளியது இந்த இரண்டு இடமும் இல்லை. எங்கள் வீடுதான். அப்பாவுக்குக் கூலி வேலை. தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையாது என்று பயந்தார்கள். அம்மா இன்றைக்கும் பக்கத்து வீட்டுப் போனில்தான் பேசுகிறார், அதுவும் அப்பா வெளியே போன பிறகு.

ஓட்டேரிவாசி:
பாருங்கள், அவர்களே இரட்டை வாடகை என்கிறார்கள். ஏழை வீடுதான் முதலில் தள்ளியது என்றும் சொல்லிவிட்டார்கள். இதைத்தானே காலையிலிருந்து சொல்கிறேன்?

பிச்சிப்பூ:
அண்ணா, நான் உங்களுக்காகச் சாட்சி சொல்ல வரவில்லை.

கெடிலக்கரை:
அதைச் சொல்லுங்கள் அம்மா. மேல்தட்டில் இருப்பவர் மேடையில் கூட்டி வைத்துப் பொன்னாடை போடுவார், வீட்டுப் பந்தியில் உட்கார வைப்பாரா? திருநங்கை பிரித்திகா யாஷினி போலீஸ் எஸ்.ஐ. ஆனதே கோர்ட்டுக்குப் போய்த்தான். அவரை அலைய வைத்தது குடிசைக்காரனா?

ஓட்டேரிவாசி:
குடிசைக்காரன் என்று நான் எங்கே சொன்னேன்? வீட்டுக்கார அம்மா என்றேன். அவரும் கூழ் குடித்து வளர்ந்தவர்தான், இன்றைக்கு எட்டு அறை வாடகை வாங்குகிறார். நீங்கள் அதைத் தொடவே மாட்டீர்கள். ஒரே குழாய்த் தண்ணீருக்கு ஒருத்தருக்கு 3,500, இன்னொருத்தருக்கு 7,000. ஏன்? அதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கூவாகத்துக்குப் போங்கள்.

கெடிலக்கரை:
வீடு கிடைத்ததா இல்லையா?

ஓட்டேரிவாசி:
எத்தனை ரூபாய்க்கு?