‘ரிலேடிவ் டிப்ரைவேஷன்’: தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர், திருச்சி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

முதுகலைச் சமூகப்பணி மாணவர்களுக்கான ஒரு தொகுப்புக்காக, பிரிட்டிஷ் சமூகவியலாளர் பீட்டர் டவுன்செண்டின் எழுத்துகளிலிருந்து சில பகுதிகளைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மெய்ப்பு அச்சகத்துக்குப் போய்விட வேண்டும். மற்றப் பகுதிகள் எல்லாம் ஒருவாறு முடிந்துவிட்டன. 1979-இல் வெளிவந்த, பிரிட்டனின் வறுமையைப் பற்றிய அவருடைய ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய நூலின் முதல் வரியில்தான் நான்கு நாட்களாக நிற்கிறேன். வறுமையைப் புறவயமாக வரையறுத்து, எங்கும் ஒரே சீராகக் கையாள வேண்டுமானால் ‘ரிலேடிவ் டிப்ரைவேஷன்’ (relative deprivation) என்ற கருத்தைக் கொண்டு மட்டுமே அது முடியும் என்று அந்த நூல் தொடங்குகிறது.

தாம் வாழும் சமூகத்தில் வழக்கமாக உள்ள உணவை உண்ணவும், அங்கே எல்லோரும் கலந்துகொள்ளும் செயல்களில் தாமும் கலந்துகொள்ளவும், அங்கே இயல்பாகக் கருதப்படும் வசதிகளோடு வாழவும் போதிய வளம் இல்லாதவர்களே வறியவர்கள் என்பது அவருடைய வரையறையின் சாரம். பட்டினியை மட்டும் வறுமை என்று அவர் கொள்ளவில்லை. ஆகவே ‘வறுமை’ என்ற சொல்லையே இதற்கும் போட்டுவிட்டால், வறுமையை வறுமையால் வரையறுத்த குற்றம் வந்துவிடுகிறது. ‘சார்புநிலை இழப்பு’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. உதவுங்கள்.

சமூகப்பணித் துறை ஆசிரியர், சென்னை

தம்பி, ‘சார்பு’ வேண்டவே வேண்டாம். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாண்டுகளுக்கு முன் ‘சார்பு வறுமை’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, மாணவர்களையே விளக்கச் சொன்னேன். பிறரைச் சார்ந்து வாழ்வதால் ஏற்படும் வறுமை என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். உதவித்தொகை வாங்குவோர் சோம்பேறிகள் ஆகிவிடுகிறார்கள் என்ற வாதத்தை வாழ்நாள் முழுதும் எதிர்த்தவர் டவுன்செண்ட். அவருடைய கருத்துக்கு நாம் வைத்த பெயரே மாணவர்களை அந்த வாதத்தின் பக்கம் கொண்டுபோய் விட்டது. கணக்கில் ‘சார்பு’ என்பதற்கு வேறொரு பொருள் இருக்கிறது; அரசியலில் பக்கச் சார்பு என்ற பொருளும் இருக்கிறது. ‘ஒப்பீட்டு’ என்பதே போதும்.

இன்னொன்றையும் கவனத்தில் கொள்ளுங்கள். இந்தத் தொடரை முதலில் வழங்கியவர் டவுன்செண்ட் அல்லர். அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றிச் சமூகவியலாளர் ஸ்டவுஃபரின் குழுவினர் 1949-இல் வெளியிட்ட ஆய்வில் அது வருகிறது. பதவி உயர்வு அரிதாகவே கிடைத்த இராணுவக் காவல் பிரிவினரைவிட, எளிதில் கிடைத்த விமானப் பிரிவினரே அதிகம் மனக்குறைப்பட்டார்கள். பக்கத்தில் இருப்பவனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். 1966-இல் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ரன்சிமனும் அந்த மனநிலைப் பொருளில்தான் ஆண்டார். டவுன்செண்ட் அதே தொடரை எடுத்து, மனத்தில் தோன்றும் குறையிலிருந்து பிரித்து, கண்ணால் கண்டு எண்ணிக்கையில் பதியக்கூடிய வாழ்நிலைக்கு உரியதாக்கினார். தன்னை ஏழை என்று நினைக்காதவரும் அவருடைய கணக்கில் வறியவராக இருக்கலாம். ‘ஏக்கம்’, ‘மனக்குறை’ போன்ற சொற்களை யாராவது முன்மொழிந்தால், அவை ரன்சிமனுக்குப் பொருந்தும், இவருக்குப் பொருந்தா.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

நண்பர்களே, இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் தேடுகிறோம்? வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே, வறுமையைக் குறிக்கும் ‘நல்குரவு’ என்று பெயர் வைத்திருக்கிறார். அந்த அதிகாரத்தைப் பசியைப் பற்றியது என்று எண்ணிப் படிப்பவர்கள் வியப்படைவார்கள். நல்ல பொருளை நன்றாக உணர்ந்து சொன்னாலும் நல்கூர்ந்தார் சொற்பொருள் சோர்வுபடும் என்கிறார். பெற்ற தாயும் பிறன்போல நோக்குவாள் என்கிறார். சபையில் சொல் எடுபடாமையும் உறவு விலகிப்போதலும் அங்கே நல்குரவின் கூறுகளாகவே வைக்கப்படுகின்றன. சமூக வாழ்விலிருந்து விலக்கப்படுதல் என்று டவுன்செண்ட் சொல்வதற்கு இதைவிட அண்மையான சொல் நம்மிடம் உண்டா? அதே அதிகாரத்தில் வறுமைக்கு ‘நிரப்பு’ என்ற சொல்லும் வருகிறது. நிரம்பியிருத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து இல்லாமைக்குப் பெயர் வந்ததை மங்கல வழக்கு என்றே நான் கருதுகிறேன். விளக்கை அணைப்பதைக் குளிர வைத்தல் என்கிறோமே, அதுபோல.

‘ரிலேடிவ்’ என்பதற்கும் உள்ளேயே சொல் இருக்கிறது. ‘ஒப்புரவறிதல்’ என்ற அதிகாரத்துக்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் உலகநடையினை அறிந்து செய்தல் என்பது. அந்த உலகநடை நூல்களில் எழுதி வைக்கப்படுவதன்று, தாமே அறிந்து செய்வது என்றும் சேர்க்கிறார். வழக்கம், நடைமுறை என்று டவுன்செண்ட் அளவுகோலாக வைப்பது இந்த உலகநடையைத்தானே? உலகநடையைச் செய்ய இயலாத வறுமை ‘ஒப்புரவின்மை’. ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது.

சொல்லாய்வு அன்பர், கோவை

தமிழாசிரியர் ஐயாவின் மடலை மூன்று முறை படித்தேன். வழி சரி, சொல் மட்டும் வேறாக இருக்கலாம். ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீனில் ‘பிரிவாரே’. ஒருவரிடமிருந்து ஒன்றைப் பிரித்தல், இல்லாமற் செய்தல் என்று பொருள். நாம் அன்றாடம் சொல்லும் ‘பிரைவேட்’ என்பதும் அதே வேரிலிருந்துதான் வருகிறது: பொதுவாழ்விலிருந்து பிரிந்து நிற்பது. பொதுவிலிருந்து பிரிக்கப்பட்ட நிலை என்ற பழம்பொருள் டவுன்செண்டின் கருத்தில் மீண்டும் உயிர்பெறுவதைக் காண மகிழ்ச்சியாக இருக்கிறது. இலத்தீன் வேரையும் நம் ‘பிரி’ என்ற வேரையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

என் பரிந்துரை ‘பேறின்மை’. பெறத்தக்கது பேறு, அது இல்லாமை பேறின்மை. நான்கு எழுத்தில் முடியும் தூய சொல் இருக்கும்போது, ‘ஒப்பீட்டு’ என்று ஆங்கிலத்தின் ஒவ்வொரு உறுப்பையும் பெயர்த்து வைக்க வேண்டியதில்லை.

சமூகக்கல்வி ஆசிரியர், யாழ்ப்பாணம்

ஐயாமாருக்கு மரியாதையுடன் சில தடைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘ஒப்புரவு’ எங்கள் பக்கத்தில் தேவாலயத்துச் சொல். பாவமன்னிப்புக்கும் மனிதர் ஒருவரோடொருவர் சமாதானம் ஆவதற்கும் கத்தோலிக்கர் நாள்தோறும் அதைத்தான் வழங்குகிறார்கள். ‘ஒப்புரவின்மை’ என்று எழுதினால் இரண்டு பேர் பகைத்துக்கொண்டார்கள் என்றே என் மாணவர்கள் விளங்கிக்கொள்வார்கள். ‘பேறின்மை’ என்றால் பிள்ளைப்பேறு இல்லாதவர்களின் நினைவு வரும். மருத்துவமனை விளம்பரங்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டன. ‘நல்குரவு’ அழகான சொல். ஆனால் அகராதி பார்க்காமல் விளங்கிக்கொள்ளும் மாணவர் என் வகுப்பில் ஒருவரும் இல்லை. வறியவர்களைப் பற்றிய நூலை அவர்களுடைய பிள்ளைகளே படித்து விளங்க முடியாதபடி நாம் செய்துவிடக் கூடாது.

‘இழப்பு’ என்பதையும் நான் ஏற்கவில்லை. ஒருகாலத்தில் இருந்து பின் போனதுதான் இழப்பு. போரில் வீட்டை இழந்தோம் என்று நாங்கள் சொல்லும்போது அங்கே வீடு இருந்தது. டவுன்செண்ட் குறிப்பிடும் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பொருள் ஒருநாளும் கிடைத்ததில்லை. வேரில் செய்வினை இருப்பதைக் கோவை ஐயாவே காட்டிவிட்டார். ஆகவே ‘மறுப்பு’ என்ற சொல் இதில் வர வேண்டும். வளங்கள் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதில்தான் வறுமையின் காரணம் இருக்கிறது என்பது டவுன்செண்டின் நிலைப்பாடு. யாரும் எதுவும் செய்யாமல் தானாக அமைந்துவிட்ட குறைபோல ஒலிக்கும் சொல் அவரைத் திரித்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி

அனைவருக்கும் நன்றி. சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதால் இரண்டு இடங்களைத் தருகிறேன்.

முதலாவது தேநீரைப் பற்றியது. தேநீரில் உடலுக்கு ஊட்டம் தரும் பொருள் எதுவும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு கோப்பை கொடுக்க முடியாத நிலை ஒரு வாழ்வுத் தேவை நிறைவேறாத நிலையே என்று அவர் வாதிடுகிறார். ஊட்டச்சத்தை மட்டும் கணக்கிட்டு வறுமைக் கோடு போடுபவர்களுக்கு அவர் சொன்ன பதில் இது.

இரண்டாவது அவருடைய அளவுகோல். 1968–69-இல் பிரிட்டன் முழுவதும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் விவரம் கேட்டு, அதிலிருந்து பன்னிரண்டு அடையாளங்களைத் தேர்ந்தெடுத்தார். கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஒரு வாரம்கூட வெளியூர் போய் விடுமுறையைக் கழிக்காதது, கடந்த நான்கு வாரங்களில் உறவினரையோ நண்பரையோ வீட்டுக்கு அழைத்து உணவு கொடுக்காதது, குழந்தையின் கடைசிப் பிறந்தநாளுக்கு விருந்து வைக்காதது, வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாதது, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வழக்கமான இறைச்சி உணவு பெரும்பாலும் இல்லாதது என்று அந்தப் பட்டியல் போகிறது. வருமானம் குறையக் குறைய இவை கூடிக்கொண்டே போகின்றன. ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே சட்டென்று பெருகிவிடுகின்றன என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயராக ஒரு சொல் வேண்டும். ‘நல்குரவுக் குறியீட்டெண்’, ‘மறுப்புக் குறியீட்டெண்’ ஆகிய இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முன்னது கல்வெட்டுச் சொல் போலவும், பின்னது நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் கணக்கு போலவும் இருக்கின்றன.

சமூகப்பணித் துறை ஆசிரியர், சென்னை

அந்தப் பட்டியலில்தான் விடையும் இருக்கிறது. டவுன்செண்டை விமர்சித்தவர்கள் முதலில் கேட்ட கேள்வியே, காலையில் சமைத்த உணவு உண்ணாதவர் வறியவரா, இறைச்சியை விரும்பாதவராக இருக்கக் கூடாதா என்பதுதான். அதற்குப் பிறகு ஜோவானா மாக், ஸ்டூவர்ட் லான்ஸ்லி ஆகியோர் 1983-இல் ஆய்வு நடத்தி, 1985-இல் நூலாக வெளியிட்டபோது, ஒரு பொருள் தமக்கு வேண்டாம் என்பதால் இல்லையா, வாங்க முடியாததால் இல்லையா என்று மக்களையே கேட்டுப் பிரித்தார்கள்.

தமிழில் இந்த வேறுபாடு எவ்வளவு எளிதாக அமைந்திருக்கிறது பாருங்கள்: ஒன்று ‘வேண்டாமை’, மற்றொன்று ‘இல்லாமை’. வேண்டாமையை விழுச்செல்வம் என்றார் வள்ளுவர். இன்மையைவிடக் கொடியது இன்மைதான் என்றவரும் அவரே. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் தவறு நம் மொழிக்குள் நேராது. ‘இல்லாமை’ என்றால் பாமரருக்கும் விளங்கும். ‘இல்லாதப்பட்டவங்க’ என்று எங்கள் ஊரில் சொல்லும்போது எது இல்லாதவர்கள் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஆகவே ‘ஒப்பீட்டு இல்லாமை’ என்பது என் வாக்கு. ரன்சிமனுக்கு ‘ஒப்பீட்டு மனக்குறை’ என்று வைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பமாட்டா.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

‘இன்மை’ என்றே சொல்லியிருக்கலாம். இன்மை, அன்மை, மறுதலை என்று நாம் இலக்கணத்தில் படித்த சொல்தான். ஆனால் சென்னை அம்மா சொல்வதுபோல் ‘இல்லாமை’யில் மக்களின் குரல் இருக்கிறது என்பதை மறுக்க முடியவில்லை. என் மனக்குறை ‘ஒப்பீட்டு’ என்பதில்தான். ஒப்பிடுவது யார்? அண்டை வீட்டைப் பார்த்துப் பொருமுவதைப் போன்ற ஒலி அதில் இருக்கிறது. உலகநடைதான் அளவுகோல் என்பது அந்தச் சொல்லில் இல்லை. முன்னுரையில் உலகநடை என்ற சொல்லை ஒருமுறையாவது வைத்து விளக்கினால் நான் மேற்கொண்டு வாதிடமாட்டேன்.

சொல்லாய்வு அன்பர், கோவை

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். இருந்தாலும், ஆதம் ஸ்மித் 1776-இலேயே லினன் சட்டை இல்லாத கூலித்தொழிலாளி வெளியில் தலைகாட்ட வெட்கப்படுவான் என்று எழுதினார். அந்த இடத்தை எடுத்துக்கொண்டுதான் 1983-இல் பொருளியலாளர் அமர்த்திய சென் டவுன்செண்டோடு வாதிட்டார். சட்டை என்ற பொருள் ஊருக்கு ஊர் மாறலாம், வெட்கமின்றி வெளியே வரும் ஆற்றல் எங்கும் ஒரே தேவை, ஆகவே வறுமைக்கு ஒப்பீடு இல்லாத ஒரு மையம் உண்டு என்பது சென்னின் வாதம். 1985-இல் டவுன்செண்ட் அதை ஏற்காமல் பதில் எழுதினார். ‘ஒப்பீட்டு’ என்ற அடைமொழி சர்ச்சைக்குரியதாகவே இருக்கிறது என்பதையும் முன்னுரையில் சொல்லுங்கள்.

சமூகக்கல்வி ஆசிரியர், யாழ்ப்பாணம்

எல்லோரும் ஓய்ந்துவிட்ட நேரத்தில் மீண்டும் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ‘இல்லாமை’யிலிருந்து பெயரடை எப்படி வரும்? டவுன்செண்ட் 1965-இல் பொருளியலாளர் ஏபல்-ஸ்மித்தோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனில் வறுமை ஒழிந்துவிட்டது என்று நம்பியிருந்தவர்களை உலுக்கியது. அதில் வந்த குழந்தைகளைப் பற்றிய கவலையே அதே ஆண்டில் குழந்தை வறுமைக்கு எதிரான இயக்கம் ஒன்று தொடங்கக் காரணமாயிற்று. அவர் அதில் நெடுங்காலம் தலைவராகவும் இருந்தார். அந்தக் குழந்தையை நீங்கள் என்னவென்று எழுதுவீர்கள்? ‘இல்லாத குழந்தை’ என்றா? பிறக்காத குழந்தை, அல்லது இறந்துபோன குழந்தை என்றல்லவா அதற்குப் பொருள்? ‘மறுக்கப்பட்ட குழந்தை’ என்றால் எது மறுக்கப்பட்டது என்ற கேள்வியாவது எழும். அந்தக் கேள்வி எழ வேண்டும் என்பதற்காகவே அந்தச் சொல்லைக் கேட்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி

உங்கள் மடல் வரும்போது மெய்ப்பு என் மேசையில்தான் இருந்தது. உடனே ‘இல்லாத’ என்று வந்த எல்லா இடங்களையும் தேடினேன். நீங்கள் சொன்ன பொருள்மயக்கத்தோடு பதினொரு இடங்கள் இருந்தன. ஒன்பதில் ‘இல்லாமைக்கு ஆளான குழந்தைகள்’ என்று மாற்றிவிட்டேன். கல்வியையும் மருத்துவத்தையும் பற்றிப் பேசும் மற்ற இரண்டு இடங்களில், இன்னது கிடைக்கவில்லை என்று மூலமே பெயர் சொல்வதால், ‘பள்ளி மறுக்கப்பட்ட’, ‘மருத்துவம் மறுக்கப்பட்ட’ என்று உங்கள் சொல்லையே வைத்திருக்கிறேன். தலைப்பிலும் குறியீட்டெண்ணிலும் ‘ஒப்பீட்டு இல்லாமை’ இருக்கும். உலகநடை முன்னுரையின் இரண்டாம் பத்தியில் வருகிறது. சென்னின் மறுப்பு அதற்கு அடுத்த பத்தியில். காலையில் அனுப்பிவிடுகிறேன்.

சமூகக்கல்வி ஆசிரியர், யாழ்ப்பாணம்

நன்றி, தம்பி. தலைப்பைப் பற்றி என் கருத்து மாறவில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது திரும்பவும் கேட்பேன்.