ஒரு ஏபிஐ முகவரி 402 ('பணம் தேவை') என்று பதில் சொன்னால் அந்த எண்ட்பாயின்ட் கிரிப்டோ வாங்கும் என்று நம்பலாமா?

அரைத்தூக்கம்:
ஒரு ஏஐ ஏஜென்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். வழியில் காசு கேட்கும் ஏபிஐ வந்தால் என்னைக் கூப்பிடாமல் அதுவே யுஎஸ்டிசியில் (டாலர் மதிப்போடு கட்டிய கிரிப்டோ காசு) கட்டிவிட்டு வேலையைத் தொடர வேண்டும். அதற்கு முன், கையிலிருக்கும் இருநூறு சொச்சம் யூஆர்எல்களில் எவை 402 பதிலோடு விலையைச் சொல்லி கிரிப்டோ வாங்கும் எக்ஸ்402 முறையில் பணம் வாங்குகின்றன என்று பிரித்துவைக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு ஹெட் ரிக்வெஸ்ட் (உள்ளடக்கம் வேண்டாம், ஹெடர் மட்டும் போதும் என்று கேட்பது), 402 வந்தால் வாங்கும், வராவிட்டால் வாங்காது, அவ்வளவுதான். ஆனால் பணம் வாங்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று 405 (இந்த மெத்தட் இங்கே செல்லாது) என்கிறது, இன்னொன்று 400 (கோரிக்கை சரியில்லை). சரி, 402 கொடுத்த ஒன்றையாவது பார்ப்போம் என்று திறந்தால் 'உங்கள் மாதச் சந்தா முடிந்துவிட்டது, கார்டைப் புதுப்பிக்கவும்'. எங்கே கோட்டை விடுகிறேன்?

பழைய_சர்வர்:
முதலில் அந்த ஹெட்டைத் தூக்கிப்போடுங்கள். கோரிக்கையை வழியில் நிறுத்திப் பணம் கேட்கும் மிடில்வேரைப் பெரும்பாலும் மெத்தட் (கெட், போஸ்ட் மாதிரி), பாதை இரண்டையும் சேர்த்துத்தான் கட்டியிருப்பார்கள். 'கெட்' என்று எழுதிவைத்த இடத்தில் நீங்கள் ஹெட்டில் போய்த் தட்டினால் 405 வரலாம், சில சர்வரில் காவலைத் தாண்டி நேராக 200கூட வந்துவிடும். (ஒருமுறை என் சொந்த சர்வரிலேயே இந்த ஓட்டையைப் பார்த்து வெட்கப்பட்டேன்.) 400 வருவது வேறு கதை. அது போஸ்ட் எண்ட்பாயின்ட்டாக இருக்கும், பணத்தைப் பற்றிப் பேசும் முன்பே வேண்டிய பாடி (கோரிக்கையோடு போகும் தரவு) இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. ஆவணத்தில் இருக்கும் மாதிரி பாடியை அப்படியே வைத்து அனுப்பிப் பாருங்கள்.

402 என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 1997இல் எச்டிடிபி 1.1 வந்தபோதே 'பின்னாளில் உதவும்' என்று ஒதுக்கிவைத்த எண் அது. அப்புறம் அவரவர் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள், சந்தா முடிந்தாலும் 402, கோட்டா தீர்ந்தாலும் 402. காயின்பேஸ் 2025 மே மாதம் எக்ஸ்402 கொண்டுவந்த பிறகு அதற்கு இந்தப் புது வேலையும் சேர்ந்தது. ஆகவே எண்ணை விட்டுவிட்டு, கூட என்ன வருகிறது என்று பாருங்கள். எக்ஸ்402இன் முதல் பதிப்பு என்றால் பாடியில் ஜேசன், அதில் 'அக்செப்ட்ஸ்' என்ற பட்டியல், உள்ளே எந்த நெட்வொர்க், எந்த டோக்கன், எவ்வளவு, யாருக்கு என்று இருக்கும். இரண்டாம் பதிப்பில் இதெல்லாம் 'பேமென்ட்-ரிக்வயர்ட்' என்ற ஹெடருக்குள் பேஸ்64 என்ற குறியீட்டு எழுத்தாகப் போய்விட்டது. பாடியை மட்டும் படிக்கிற ஸ்கிரிப்ட் இரண்டாவதைப் பார்த்து 'வாங்காது' என்று சொல்லிவிடும்.

கம்பிவலை:
யூசர் ஏஜென்டில் பிரவுசர் மாதிரி வேஷம் போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் ஜேசனுக்குப் பதிலாக மனிதர்களுக்கான எச்டிஎம்எல் பக்கம் வரலாம். அக்செப்ட் ஹெடரில் ஜேசன் என்று சொல்லிக் கேளுங்கள். 403 (அனுமதி இல்லை) வந்தவற்றை 'வாங்காது' கணக்கில் சேர்க்காதீர்கள், வாசலில் இருக்கும் பாட் தடுப்பே உங்களைத் திருப்பியிருக்கும். இன்னொன்று, 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஆதென்டிகேட்' ஹெடரில் எல்402 என்று இருந்து கூடவே ஒரு இன்வாய்ஸும் வந்தால் அது லைட்னிங் (பிட்காயினை வேகமாக அனுப்பும் வலை) வழியாக பிட்காயின் கேட்கிறது. அதுவும் கிரிப்டோதான், ஆனால் உங்கள் யுஎஸ்டிசி வாலட்டுக்கு அங்கே வேலை இல்லை.

அரைத்தூக்கம்:
கெட்டுக்கு மாற்றி, இரண்டு பதிப்பையும் படிக்கவைத்தேன், பட்டியலே தலைகீழாகிவிட்டது. ஒன்றில் தொகை 10000 என்று பார்த்ததும் தூக்கம் போய்விட்டது, பத்தாயிரம் டாலரா என்று. அப்புறம்தான் உறைத்தது, யுஎஸ்டிசிக்கு ஆறு தசம இடம், அது வெறும் 0.01 டாலர். சரி, இப்போது விவரமெல்லாம் ஒழுங்காக வருகிறவை கட்டாயம் பணம் வாங்கும்தானே?

பழைய_சர்வர்:
கேட்கும், வாங்குமா என்பது தனி. நெட்வொர்க்கைப் பாருங்கள். இரண்டாம் பதிப்பில் 8453 என்று முடிந்தால் பேஸ் என்ற பிளாக்செயினின் மெயின்நெட், நிஜக் காசு புழங்கும் வலை, 84532 என்றால் பேஸ் செபோலியா, அது சோதனை வலை, அங்கே புழங்குவது விளையாட்டுக் காசு. ஒரு இலக்கம்தான் வித்தியாசம், கண் ஏமாந்துவிடும். பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. செபோலியாவில் அந்த டோக்கன் கான்ட்ராக்ட் (காசைச் சங்கிலியில் நடத்தும் நிரல்) தன் பெயரை 'யுஎஸ்டிசி' என்கிறது, மெயின்நெட்டில் 'யுஎஸ்டி காயின்'. பணம் கட்டச் சம்மதித்து உங்கள் வாலட் போடும் கையெழுத்துக்குள் அந்தப் பெயரும் போவதால், சோதனையில் வைத்த பெயரை மாற்றாமல் மெயின்நெட்டுக்கு வந்த சர்வர் 402 அழகாகக் கொடுக்கும், நீங்கள் கட்டினால் 'கையெழுத்து செல்லாது' என்று மறுபடி 402. நான் அரை நாள் தொலைத்தது இதில்தான்.

அதனால் ஒரு தனி வாலட்டில் இரண்டு மூன்று டாலர் மட்டும் போட்டு, விலை குறைந்தவற்றுக்கு நிஜமாகவே ஒரு தடவை கட்டிப் பாருங்கள். நீங்கள் தருவது கையெழுத்து மட்டும்தான், அதைச் சங்கிலியில் ஏற்றி கேஸ் (பரிவர்த்தனைக் கட்டணம்) கட்டுவது ஃபெசிலிடேட்டர் என்ற இடைச் சேவையின் வேலை. 200 வந்ததோடு விடாமல், பதில் ஹெடரில் வரும் பரிவர்த்தனை ஹாஷை (அதன் அடையாளக் குறியை) சங்கிலியின் பரிவர்த்தனைகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கம்பிவலை:
எவ்வளவு வரை கட்டலாம் என்ற உச்சவரம்பை ஏஜென்டின் ப்ராம்ப்டில் எழுதி வைக்காதீர்கள், கையெழுத்துப் போடும் கோடில் வையுங்கள். நேற்று ஒரு பைசா கேட்ட இடம் இன்று வேறு தொகை கேட்கலாம், டோக்கன் முகவரியையே மாற்றியும் அனுப்பலாம்.

அரைத்தூக்கம்:
மூன்று டாலர் போட்டு ஓட்டினேன். முதல் ஆறில் நான்கு சரியாக வாங்கின, ஒன்று நீங்கள் சொன்ன அதே கையெழுத்துப் பிரச்சினை. மிச்சம் ஒன்று 200 கொடுத்துப் பதிலும் தந்துவிட்டது, ஹாஷ் மட்டும் இல்லை, வாலட்டிலும் காசு குறையவில்லை. அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

பழைய_சர்வர்:
செட்டில் பண்ணும், அதாவது பணத்தை எடுக்கும் இடத்தில் அவர்களுக்கு ஏதோ உடைந்திருக்கிறது. 'வாங்காது' பக்கம் போட்டுவிட்டு அவர்களுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், பாவம், இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்தின் காலக்கெடு முடிகிற வரை வாலட்டையும் ஒரு பார்வை பாருங்கள், தாமதமாகவும் எடுப்பார்கள்.