கலைச்சொல் விவாதம்: கடைக்கு வெளியே இருந்து செயலி போடுவதற்கு என்ன சொல்?

காசிமேடு, செவ்வாய் இரவு

அனைவருக்கும் வணக்கம். மீன் விற்கும் அக்காமார்களுக்கு ஞாயிறு மாலை திறன்பேசிப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். கையேடு இரண்டு பக்கம், வெள்ளி காலை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். எல்லாம் எழுதிவிட்டேன், ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. பிளே ஸ்டோருக்குப் போகாமல், வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் தொட்டோ ஏதாவதொரு தளத்திலிருந்து இறக்கியோ செயலி போடுகிறார்களே, ஆங்கிலத்தில் சைடுலோடிங், அதற்கு என்ன எழுத?

போன வாரம் ஓர் அக்காவுக்குக் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தது. தொட்டார். இங்கிருந்து வருவதை அனுமதிக்கவா என்று போன் கேட்டது. பொத்தானைத் தள்ளுகிறார், ஐஸில் நனைந்த விரல், திரை கேட்கவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி கொண்டுபோனார். அதற்குள் பார்த்துவிட்டேன், கையைப் பிடித்துக்கொண்டேன். "பத்திரிகை பாக்கத்தானே போறேன், என்னத்த போடப்போறேன்?" என்றார். தான் ஒரு செயலியை நிறுவுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. பெயர் இல்லாத காரியத்தை நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?

பக்கவேற்றம் என்று போட்டுவிடலாமா?

பெரம்பூர், செவ்வாய் நள்ளிரவு

அக்கா, பக்கவேற்றம் வேண்டாம். வலைப்பக்கத்தை ஏற்றுவது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அதோடு ஆங்கிலச் சொல்லே பொருள் மாறி வந்த சொல். அப்லோடும் டவுன்லோடும் வலைக்கும் கருவிக்கும் இடையே மேலும் கீழும் போவது. அக்கம்பக்கத்தில் இருக்கும் இரண்டு கருவிகளுக்கு இடையே, கணினியிலிருந்து போனுக்கு மாற்றினால் அது சைடுலோடு. இப்போது கோப்பு நேராக வலையிலிருந்தே இறங்கினாலும் அதே பெயர்தான். இல்லாமல் போன அந்த 'சைடை' நாம் ஏன் தமிழில் சுமக்க வேண்டும்? நிறுவுதல் என்ற சொல் நிலைத்துவிட்டது. வெளியிலிருந்து நிறுவுவது வெளிநிறுவல்.

வண்ணாரப்பேட்டை, புதன் காலை

அம்மாவுக்கும் தம்பிக்கும் வணக்கம். வெளிநிறுவல் என்பதை வெளியிலிருந்து நிறுவுவது என்று பிரித்தால் ஐந்தாம் வேற்றுமைத் தொகை, வெளியே கொண்டுபோய் நிறுவுவது என்றால் ஏழாம் வேற்றுமைத் தொகை. படிப்பவர் தடுமாறுவார். நம் வீட்டிலேயே சொல் இருக்கிறது: புறக்கடை. கடை என்பதற்கு வாயில் என்ற பொருள் உண்டு. பழைய பாட்டுகளில் நெடுங்கடை என்றால் உயர்ந்த தலைவாயில்தான், வியாபாரம் அல்ல. ஆகவே புறக்கடை என்றால் பின்வாயில். கடைக்குப் புறத்தே என்றும் கொள்ளலாம். ஸ்டோருக்கு வெளியே, வேறு வாசல் வழியே என்ற இரண்டையும் ஒரே சொல் சொல்கிறது. புறக்கடை நிறுவல்.

பேச்சில் வரும் புழக்கடை புறக்கடையின் திரிபா, புழைக்கடையின் திரிபா என்று கேட்பீர்கள். நான் புழையின் பக்கம். புழை என்றால் துளை, சிறுவாயில். மதிலில் பெருவாயிலைத் தவிர ஆள் நுழைய விட்ட வழியும் புழைதான். நம் மூலக்கொத்தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தளம் என்பது மதிலின் காவல் மேடை. 18ஆம் நூற்றாண்டில் பட்டணத்தைச் சுற்றி எழுந்த மதிலின் நினைவு அது. அந்த மதிலுக்கென்று விதிக்க நினைத்த வரி இன்றும் வால்டாக்ஸ் சாலை என்று பெயராக நிற்கிறது. மதில் இருந்த ஊர்க்காரர்கள் நாம். புழைநிறுவல் என்று துணிந்து ஆளலாம்.

வியாசர்பாடி, புதன் மதியம்

ஐயா, நான் போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட நிறுவணும்னு கேட்டு வந்ததில்ல. "தம்பி, இந்த ஏபிகேவ போட்டுக் குடு." அவ்ளோதான். அக்கா கையேட்டுல அதையே போடுங்க. புழைநிறுவல்னு போட்டா அதுக்கு இன்னொரு வகுப்பு எடுக்கணும்.

பெரம்பூர், புதன் இரவு

ஏபிகே என்பது ஆண்ட்ராய்டுக் கோப்பின் வகை. ஐபோனில் அது கிடையாது. ஆனால் அங்கேயும் இந்தக் காரியம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தால் 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 வந்தபோது ஆப்பிள் அங்கே வேறு செயலிக் கடைகளுக்கு வழிவிட்டது. கோப்பின் பெயரைக் காரியத்துக்கு வைத்தால் பாதிதான் பொருந்தும்.

ஐயாவின் புறக்கடை அழகான சொல். ஆனாலும் இரண்டு தடை. கணினிப் பாதுகாப்பில் பின்கதவு என்று வேறொரு பொருள் ஏற்கெனவே இருக்கிறது, திருட்டு நிரல் விட்டுவைக்கும் வழி அது. இரண்டும் குழம்பிவிடும். அடுத்தது, கொல்லைப்புறமாக வந்தான் என்றாலே நம்மூரில் குற்றச்சாட்டு. இந்தக் காரியம் குற்றமில்லை. எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியம் 2010 முதல் கட்டற்ற செயலிகளை இப்படித்தான் கொடுக்கிறது. நான் தமிழாக்கிய குறிப்பேட்டுச் செயலியை எல்லோரும் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். ஆண்ட்ராய்டும் இதைத் தடுக்கவில்லை. 2017இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து, எந்தச் செயலி வழியாகக் கோப்பு வருகிறதோ அதற்குத் தனித்தனியாக அனுமதி கேட்கிறது. அந்த அக்கா தள்ளப்போன பொத்தான் அதுதான்.

இன்னொன்று. ஆள் யாரென்று சரிபார்க்கப்பட்ட உருவாக்குநரின் செயலியைத்தான் வெளியிலிருந்தும் நிறுவலாம் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் 2026 செப்டம்பரில் தொடங்குவதாகச் சொன்னது. இது நல்லதா கெட்டதா என்று தமிழில் நாம் பேசியாக வேண்டும். பெயரிலேயே பழியை ஏற்றிவிட்டால் பேச்சைத் தொடங்கும்போதே ஒரு பக்கம் தோற்றுவிடும். எச்சரிக்கையை அடுத்த வரியில் எழுதுங்கள் அக்கா, சொல்லுக்குள் திணிக்காதீர்கள்.

திருவொற்றியூர், வியாழன் காலை

ரயில்வேயில் இருந்தவன் என்பதால் ஒரு வார்த்தை. நம் ராயபுரத்திலிருந்து 1856இல் வாலாஜா ரோடுக்கு வண்டி ஓடியது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். புகையைப் பார்த்துப் புகைவண்டி என்றோம். புகை போயிற்று. தொடர்வண்டி என்று மாற்றினோம். கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கிறவர் இன்றும் ரயில் என்றுதான் சொல்கிறார். கண்ணில் பட்ட அடையாளத்தைப் பெயராக்கினால் அடையாளத்தோடு பெயரும் பழசாகிவிடும். 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல' என்று நன்னூலே சொல்லிவிட்டது. வெளிநிறுவலே போதும், நாளை அச்சு.

வண்ணாரப்பேட்டை, வியாழன் மதியம்

டகரம் மொழிமுதல் ஆகாது என்பதற்காக மட்டும் டவுன்லோடை நாம் தள்ளவில்லை. பதிவிறக்கம் என்று விடாமல் எழுதினோம், நாளிதழ்கள் எடுத்துக்கொண்டன, இன்று பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிறது. முதல் நாளில் அதுவும் புரியாத சொல்தான். புரியவில்லை என்பது சொல்லின் குறையில்லை, நம் அவசரம். பின்கதவு பற்றித் தம்பி சொன்ன தடைக்கு மட்டும் என்னிடம் இன்னும் விடை இல்லை. கையேடு போகட்டும், என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

காசிமேடு, வியாழன் இரவு

ஐயா, மன்னிக்கவும். வெளிநிறுவல் என்றே போட்டுவிட்டேன். அடியில் வியாசர்பாடித் தம்பி சொன்னபடி "ஏபிகே போடுவது" என்றும், அதற்குக் கீழே, பணம் போனால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள் என்றும் இருக்கிறது.

காசிமேடு, திங்கள் காலை

வகுப்பு முடிந்தது, பதினாறு பேர் வந்தார்கள். வெளிநிறுவல் என்று இரண்டு முறை படித்துக் காட்டினேன், தலையாட்டினார்கள். பிறகு அந்தப் பத்திரிகை அக்கா பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார், அதை அப்படியே எழுதுகிறேன்: "கடையில வாங்கினா பில்லு இருக்கும். இது கைமாத்தா வாங்கிப் போட்டுக்கறது. குடுத்தவன் யாருன்னு நீதான் பாத்துக்கணும்." எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதன் பிறகு வகுப்பு முடியும்வரை கைமாத்து என்றுதான் பேசினார்கள்.

வண்ணாரப்பேட்டை, திங்கள் காலை

அம்மா, கைமாற்று நிறுவல். கருவிக்குக் கருவி மாற்றுவது என்ற பழைய பொருளும் இதில் இருக்கிறது, பழியும் இல்லை. கடனுக்குரிய சொல்லை இங்கே இழுக்கலாமா, தளத்திலிருந்து நேராக இறக்கினால் அது யார் கை என்று தம்பி கேட்பார், கேட்கட்டும். புழை பற்றித் தனியாக எழுதுகிறேன்.