பாத்ரூம் தரை ஈரம், யோசனை சொல்லுங்க

வணக்கம். எங்க வீட்ல ஆறு பேர், ஒரே பாத்ரூம், டாய்லெட்டும் அதுக்குள்ளதான். குளிச்சிட்டு வர்றவங்க யாரும் வைப்பர் போட்டுத் தண்ணியைத் தள்ளி விடறதில்ல. போன வாரம் அத்தை சோப்பு நுரையில கால் வச்சு வழுக்கிட்டாங்க. கதவைப் பிடிச்சதால தப்பிச்சாங்க. 71 வயசு. நினைச்சா இன்னும் பதறுது.

கொழுந்தனார் ஃப்ளஷ்கூட சரியாப் பண்ணாம வந்துடறார். வீட்டு மருமகள் நான், மனசு நோகாம எப்படிச் சொல்றது?

போர் தண்ணி உப்புக்கறைக்கு ஆசிட் ஊத்துறோம். பிளீச்சிங் பவுடரோட சேர்ந்தா குளோரின் வாயு வரும்னு அதைக் கலக்கறதில்ல. ஆனா ஆசிட் நெடியில அத்தைக்கு இருமல் நிக்கல. வேற என்ன போடலாம்? வழுக்காத மேட் போட்டா அடியில பாசி பிடிக்குமா? சுவத்துல கைப்பிடிக் கம்பி வச்சவங்க, எந்த உயரத்துல வச்சீங்கன்னு சொல்லுங்க.