சி-ஆல்ஃபா (ஒவ்வொரு அமினோ அமிலத்தின் நடுக் கார்பன் அணு) மட்டும் உள்ள கோப்பு, முழுப் புரதம் சரியாக வரவில்லை. அவசரம்!

பாளை_மாணவி: மீதி அணுக்களைக் கட்டித்தரும் புல்க்ரா மென்பொருளில் போட்டேன், முழுப் புரதம் வந்துவிட்டது. ஆனால் படத்தில் ஒரு இடம் மட்டும் தும்புக்கயிறு மாதிரி நீளமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது. திங்கள் வைவா. ஹாஸ்டலில் கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது. யாராவது சொல்லுங்கள்.

பேட்டைப்பயல்: கோப்பு எங்கிருந்து எடுத்தது? பிடிபி என்கிற புரத வடிவத் தரவுத்தளமா, சிமுலேஷனா? எத்தனையாவது அமினோ அமிலத்தில் இழுக்கிறது? ஒன்றுமே சொல்லவில்லையே!

களக்காட்டான்: அலகுக் குழப்பம்தான். சிமுலேஷன் மென்பொருள் குரோமேக்ஸ் நானோமீட்டரில் எழுதும், பிடிபி அதில் பத்தில் ஒரு பங்கான ஆங்ஸ்ட்ராமில். எனக்கு இதிலேயே ரெண்டு நாள் போயிருக்கிறது. பத்தால் பெருக்கிப் பாருங்கள்.

பழையமுறைப்பா: அலகு தப்பென்றால் மொத்தமும் சுருங்கும், ஒரு இடம் மட்டும் இழுக்காது. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஜி.என். ராமச்சந்திரன், புரதச் சங்கிலி திரும்பும் ஃபை, சை கோணங்களை வரைபடமாகவே கொடுத்துவிட்டார். பட்டனைத் தட்டுகிற பிள்ளைகள் முதலில் அதைப் படிக்க வேண்டும்.

தாமிரபரணிக்கரை: அண்ணாச்சி, வைவா பயத்தில் இருக்கிற பிள்ளையிடம் இதையா சொல்வது? தங்கச்சி, அடுத்தடுத்த சி-ஆல்ஃபாக்களின் தூரத்தை எடுத்துப் பாரு. 3.8 ஆங்ஸ்ட்ராம் வரணும். அரிதாக வரும் மடங்கிய சிஸ் பிணைப்பு என்றால் 3 பக்கம். அதைவிட ரொம்பக் கூடினால் நடுவில் அமினோ அமிலமே விட்டுப்போயிருக்கிறது. படிகத்துக்குள் ஆடிக்கொண்டே இருக்கும் வளைவு எக்ஸ்-கதிரில் பதியாது. கோப்பில் வரிசை எண்ணும் தாண்டிப்போகும். இருக்கிற சி-ஆல்ஃபாவைச் சுற்றித்தான் புல்க்ரா கட்டும், இல்லாததைச் செய்து தராது. அந்த இடத்தில் வெட்டி, ரெண்டு துண்டாகப் போடு. அப்புறம் முழு வரிசையையும் கொடுத்து மாடலர் மென்பொருளில் இடைவெளியை நிரப்பு.

களக்காட்டான்: எதற்கு இவ்வளவு பாடு? வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டில் வரிசையைப் போட்டால் முடிந்தது. 2024 நோபலே அதற்குத்தானே.

பேட்டைப்பயல்: பாதி நோபல். மறுபாதி டேவிட் பேக்கருக்கு, புதுப் புரதங்களை வடிவமைத்ததற்கு.

பழையமுறைப்பா: அளந்த அணு ஆயத்தொலைவுகள் கையில் இருக்கும்போது கணிப்பு எதற்கு? மருந்து ஒட்டிய நிலையில் எடுத்த படிகமாக இருந்தால் வடிவமே வேறாக இருக்கலாம்.

களக்காட்டான்: கணிப்பென்று தள்ளாதீர்கள். எந்த இடத்தை எவ்வளவு நம்பலாம் என்று அதுவே மதிப்பெண் போடுகிறது.

பழையமுறைப்பா: ஆடுகிற வளைவில் அந்த மதிப்பெண்ணும் விழுந்துவிடுமே. இந்தப் பிள்ளைக்குத் தேவையே அந்த வளைவுதான்.

பாளை_மாணவி: பிடிபிதான். 57-க்கு அப்புறம் நேரே 66, தூரம் 14.2. அக்கா சொன்ன மாதிரியே செய்தேன், கயிறு போய்விட்டது. நன்றி அக்கா.

தாமிரபரணிக்கரை: நல்லது. எத்தனை மாடல் எடுத்தாய்? எட்டு அமினோ அமில வளைவு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். ஒன்றை மட்டும் காட்டினால் வைவாவில் கேட்பார்கள்.

தாமிரபரணிக்கரை: தங்கச்சி, இருக்கிறாயா?