பின் பிரேக் அலறுது, முன் பிரேக் லீவர் கைப்பிடியை முட்டுது: கோத்தகிரி இறக்கத்துல மாட்டிக்கிட்டேன், உதவுங்க

மலைப்பாதை (கோவை)

வணக்கம் நண்பர்களே. போன ஞாயித்துக்கிழமை நடந்ததை அப்படியே எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

என்னோடது ஹார்டுடெயில் (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிள்), வாங்கி 14 மாசம் ஆச்சு. ரெண்டு சக்கரத்துக்கும் ஷிமானோ ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்துல வேலை செய்யற) டிஸ்க் பிரேக், 160 மி.மீ. டிஸ்க். வாங்கின நாள்ல இருந்து பிரேக்குல கை வெச்சதே இல்ல. காலைல கோத்தகிரி டீ எஸ்டேட் மண்பாதையில ஓட்டிட்டு, மதியத்துக்கு மேல ரோடு வழியா மேட்டுப்பாளையம் இறங்கறதா நானும் நண்பரும் திட்டம் போட்டிருந்தோம். எஸ்டேட்டுக்குள்ள பின் டயர்ல முள்ளு ஏறி பஞ்சர். வண்டியைத் தலைகீழா கவுத்து வெச்சு ட்யூப் மாத்தினோம். பம்ப் சரியா வேலை செய்யாததால முக்கால் மணி நேரம் ஆயிடுச்சு.

அரவேனு தாண்டினதும் பின் பிரேக் கத்த ஆரம்பிச்சுது. சாதாரண கீச்சுச் சத்தம் இல்லீங்க, டீக்கடையில உக்காந்திருந்தவங்க எந்திரிச்சுப் பாக்கற அளவுக்கு அலறல். லீவர் கல்லு மாதிரி இறுக்கமா இருக்கு, ஆனா வண்டி நிக்க மாட்டேங்குது. முன் பிரேக் நேர் எதிர். சத்தமே கிடையாது, ஆனா லீவரைப் பிடிச்சா பஞ்சை அமுக்கற மாதிரி உள்ள போய் கைப்பிடியில முட்டுது. ஒரு கொண்டை ஊசி வளைவுல எதிர்ல பஸ் ஏறி வந்துட்டு இருந்தது. முன் லீவரை ரெண்டு மூணு தடவை அவசரமா அடிச்ச பிறகுதான் கொஞ்சம் பிடிச்சுது. காலைத் தரையில தேய்ச்சு மலைச்சரிவுப் பக்கமா ஒதுங்கி நின்னேன். கால் நடுக்கம் அடங்கவே பத்து நிமிஷம் ஆச்சு. அப்புறம் தள்ளிக்கிட்டே நடந்தேன். குஞ்சப்பனைக்கு முன்னாடி காரட் மூட்டை ஏத்திட்டு வந்த பிக்கப் அண்ணன் ஒருத்தர் வண்டியோட என்னையும் ஏத்திக்கிட்டார்.

ரெண்டு பிரேக்கும் ஒரே நாள்ல போகுமா? சூட்டினாலயா? வீட்டுல எல்லாரும் பயந்து போயிருக்காங்க.

தேயிலைத்தடம் (குன்னூர்)

தம்பி, முதல்ல நீங்க இறங்கித் தள்ளிட்டு நடந்தீங்களே, அதுதான் நீங்க செஞ்ச சரியான காரியம். அதை யாரும் குறைவா நினைக்க வேணாம்.

நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு. ஒரு பிரேக் லீவர் கல்லு மாதிரி, இன்னொண்ணு பஞ்சு மாதிரி. அதனால இது ஒரே கோளாறு இல்ல, ரெண்டு தனித்தனிக் கோளாறு. லீவர் இறுக்கமா இருந்தும் வண்டி நிக்கலைன்னா, உங்க கை குடுக்கற அழுத்தம் பேட் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கற கட்டை) வரைக்கும் ஒழுங்கா போகுது, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுலதான் பிரச்சினை. லீவர் பொசுபொசுன்னு உள்ள போனா, அழுத்தம் ஆயில் ஓடற ஹோஸ்லயே தொலையுது, உள்ள காத்து இருக்கு. ரெண்டு மூணு தடவை அடிச்சா பிடிக்குதுன்னா அது பெரும்பாலும் காத்தேதான்.

மூணு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. கடைசியா வண்டியை எப்ப, எங்க கழுவினீங்க? செயினுக்கு என்ன ஆயில், எப்படிப் போடறீங்க? முன் சக்கரத்தைக் கழட்டி எங்கயாவது வண்டியை ஏத்திட்டுப் போனீங்களா?

பழைய கிராங்க் (சேலம்)

சூடும் சேர்ந்திருக்கும்னு நினைக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்க. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். 33 கிலோமீட்டர்ல கிட்டத்தட்ட 1,450 மீட்டர் இறக்கம். ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 95 கிலோன்னு வெச்சா, அந்த இறக்கத்துல வெளியாகற சக்தி நாலு லிட்டர் தண்ணியைக் கொதிக்க வெக்கப் போதும். பாதியைக் காத்து வாங்கிக்கிட்டாலும் மிச்சம் முழுக்க உள்ளங்கை அகல டிஸ்க் ரெண்டு வழியாத்தான் வெளிய போகணும். பிரேக்கை லேசா பிடிச்சபடியே இறங்கினா டிஸ்க் ஆறவே ஆறாது.

வளைவுக்கு முன்னாடி நேரா இருக்கற இடத்துல ரெண்டு பிரேக்கையும் நல்லா பிடிச்சு வேகத்தைக் குறைங்க, அப்புறம் முழுசா விட்டுடுங்க. பயத்துல பின் பிரேக்கை மட்டும் பிடிச்சுட்டு இறங்கறவங்க நிறைய பேர். வண்டியை நிறுத்தற வேலையில பெரும்பங்கு முன் பிரேக்கோடது.

மலைப்பாதை (கோவை)

அண்ணா, கேள்விக்குப் பதில். சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துல இருக்கற டூவீலர் வாட்டர் சர்வீஸ்ல கழுவக் குடுத்தேன். செயினுக்கு நான் எதுவும் போடலை. சக்கரம் கழட்டலை.

நீங்க கேட்ட பிறகு ஞாபகம் வருது. கழுவி முடிச்சு வாங்கும்போது சக்கரம், செயின் எல்லாம் புதுசு மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு.

தேயிலைத்தடம் (குன்னூர்)

அந்த மினுமினுப்புதான் தம்பி. பைக், ஸ்கூட்டர் கழுவற இடத்துல கடைசியா அடியில எல்லாம் டீசலோ ஆயிலோ கலந்து ஸ்ப்ரே அடிச்சு விடற பழக்கம் நிறைய இடத்துல உண்டு. துரு பிடிக்காம இருக்கணும்னு நல்ல எண்ணத்துலதான் செய்யறாங்க. நம்ம சைக்கிள்ல டிஸ்க் திறந்து கிடக்கு, பேட் பக்கத்துலயே செயின். அடிச்ச ஸ்ப்ரே நேரா பின் டிஸ்க்குல விழுந்திருக்கும்.

வெள்ளைத் துணியை எடுத்துப் பின் டிஸ்க்கை அழுத்தித் துடைச்சுப் பாருங்க. வெறும் சாம்பல் நிறத் தூசின்னா நல்லது. பிசுபிசுன்னு கறுப்பா, வெயில்ல காட்டினா வானவில் மாதிரி மின்னினா ஆயில்தான்.

முன் பிரேக்குக்கு வரேன். முக்கால் மணி நேரம் தலைகீழா வெச்சிருந்தீங்க இல்லையா? லீவருக்குள்ள ஆயில் தொட்டி ஒண்ணு இருக்கு. அதுல மேலாப்புல கொஞ்சம் காத்து நின்னா வண்டி நேரா நிக்கற வரைக்கும் ஒரு தொந்தரவும் தராது. கவுத்தா அந்தக் காத்து ஹோஸுக்குள்ள ஏறிடும். முழுசா பிளீட் பண்ணின, அதாவது உள்ள இருக்கற காத்தை வெளியேத்தி ஆயில் நிரப்பின பிரேக்குல இப்படி ஆகாது. 14 மாசமா தொடாததுல ஆகும்.

எழுபது வளைவு (நாமக்கல்)

நான் கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவும் அடிக்கடி இறங்கறவன். இதே மாதிரி காத்து ஏறினப்ப ஒரு தற்காலிக வழி எனக்கு உதவுச்சு. முன் சக்கரத்தைத் தூக்கி வெச்சு வண்டியைச் சாய்ச்சு நிறுத்தணும், லீவர்தான் எல்லாத்தையும் விட உயரமா இருக்கணும். லீவரை இழுத்து கைப்பிடியோட ரப்பர் போட்டுக் கட்டிட்டு, ஹோஸை மெதுவா தட்டி விட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்க. காத்து மேல ஏறிடும். ஆனா இதை நம்பி மலை இறங்காதீங்க, கடை வரைக்கும் ஓட்டிட்டுப் போக மட்டும்தான்.

பின் பேடை கேஸ் அடுப்புல காட்டி ஆயிலை எரிச்சிட்டு உப்புத்தாள்ல தேய்ச்சா சரியாகும். நான் செஞ்சிருக்கேன்.

சில்வர் ஓக் (ஊட்டி)

எழுபது வளைவு அண்ணா, உங்க அனுபவத்தை மதிக்கிறேன், ஆனா அடுப்புல எரிக்கறதை இவருக்குச் சொல்ல வேணாமே. பேடோட உராயற பகுதி ஒரு இரும்புத் தகட்டுல ஒட்டினது. சூட்டுல அந்த ஒட்டு விட்டுப் போச்சுன்னா இறக்கத்துல பேட் தனியா கழண்டு வரும். வீட்டுச் சமையலறையில அந்தப் புகையும் நல்லதில்ல. ரெசின் (பிசின் கலவை) பேட் பஞ்சு மாதிரி ஆயிலை உள்ள இழுத்துக்கும், மேல தேய்ச்சா போகாது. நானும் ஒரு தடவை உப்புத்தாள் போட்டுப் பார்த்தேன், அஞ்சு கிலோமீட்டர் நல்லா பிடிச்சுது, சூடேறினதும் உள்ள இருந்த ஆயில் திரும்ப வெளிய வந்துடுச்சு. புது பேட் வாங்கிடுங்க தம்பி. பழசைத் தூக்கிப் போட்டுடுங்க, "அவசரத்துக்கு ஆகும்"னு பையில வெச்சுக்காதீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி டிஸ்க்கை உத்துப் பாருங்க. விலை குறைஞ்ச சில ஷிமானோ டிஸ்க்குகள்ல "ரெசின் பேட் ஒன்லி"ன்னு பொறிச்சிருக்கும். அப்படி இருந்தா மெட்டல் பேட் போடக் கூடாது, டிஸ்க் சீக்கிரம் தேஞ்சு போகும். பொறிக்கலைன்னா, மழையில சேத்துல ஓட்டறவங்களுக்கு மெட்டல் பேட் ரொம்ப நாள் உழைக்கும், சத்தம் கொஞ்சம் கூட இருக்கும். டிஸ்க் புதுசுல 1.8 மி.மீ. தடிமன். 1.5 வந்துட்டா மாத்திடணும்.

டிஸ்க்கைக் கழுவ ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேணும். மொபைல் ரிப்பேர் கடையில போர்டு துடைக்க வெச்சிருப்பாங்க, எங்க கிடைக்கும்னு அவங்களே சொல்வாங்க. கை கழுவற சானிடைசர் போடாதீங்க, அதுல கிளிசரின் இருக்கு.

மலைப்பாதை (கோவை)

அக்கா, துணியில துடைச்சேன். கறுப்பு மை மாதிரி வந்துச்சு, வெயில்ல பிடிச்சா ஊதாவும் பச்சையுமா மின்னுது. நீங்க ரெண்டு பேரும் சொன்னதேதான்.

பிளீட் பண்ண எங்க தெருமுனையில இருக்கற பைக் மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டேன். "அதே டிஸ்க் பிரேக்தானே, நம்மகிட்ட டாட் 4 ஆயில் இருக்கு, பத்து நிமிஷத்துல ஊத்திடலாம்"ங்கறார். குடுக்கலாமா?

பழைய கிராங்க் (சேலம்)

வேண்டவே வேண்டாம்! நிறுத்துங்க!

ஷிமானோ பிரேக்குல ஓடறது மினரல் ஆயில். மோட்டார் பைக்குல ஓடறது டாட் ஆயில், அது வேற ஜாதி. உள்ள இருக்கற ரப்பர் சீல் ஒவ்வொண்ணும் அதுக்குன்னு உள்ள ஆயிலுக்குத்தான் தாங்கும். மாத்தி ஊத்தினா சீல் உப்பி, பேடைத் தள்ளற பிஸ்டன் சிக்கி, பிரேக்கே போயிடும். மூணு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு அதுதான் நடந்துச்சு. ஊத்தின அன்னிக்கு அருமையா பிடிச்சுது. கொஞ்ச நாள்ல லீவர் திரும்பி வரவே இல்ல. லீவர், காலிபர் (சக்கரத்துக்கிட்ட பேடைப் பிடிச்சிருக்கற பாகம்), ஹோஸ் எல்லாத்தையும் புதுசா போட வேண்டியதாப் போச்சு. அந்த மெக்கானிக் மேல எனக்குக் கோபம் இல்ல, நல்ல கைக்காரர், அவருக்கு இந்த வித்தியாசம் யாரும் சொல்லித் தந்ததில்ல. நீங்க உங்க அண்ணனுக்குச் சொல்லிடுங்க, அடுத்த பையனோட வண்டியாவது தப்பிக்கும்.

டாட் ஆயில் கேக்கற சைக்கிள் பிரேக்கும் உண்டு. லீவர் மூடி மேல எழுதியிருக்கும், அதைப் படிக்காம எதையும் திறக்காதீங்க.

தேயிலைத்தடம் (குன்னூர்)

பிளீட் கிட் வாங்கி நீங்களே செய்யலாம் தம்பி, ரெண்டு பேர் இருந்தா ஒரு மணி நேர வேலை. முதல் வேலையா பேடையும் சக்கரத்தையும் கழட்டித் தள்ளி வெச்சிடுங்க. இதை விட்டா சிந்தற ஆயில் புது பேடுல விழுந்து மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பேட் இருந்த இடத்துல மஞ்ச நிறப் பிளாஸ்டிக் கட்டையை மாட்டணும், கிட்டுலயே வரும். நடுவுல எதுவும் இல்லாம லீவரை அமுக்கினா பிஸ்டன் வெளிய வந்துடும்.

லீவர்ல புனலை மாட்டுங்க, காலிபர் பக்கம் இருந்து சிரிஞ்சால மெதுவா ஆயிலை மேல தள்ளுங்க. காத்து எப்பவும் மேலதான் போகும், அதுக்கு வழி விடற மாதிரி ஹோஸ் நேரா ஏறி நிக்கணும். ஸ்க்ரூடிரைவர் பிடியால ஹோஸையும் காலிபரையும் தட்டிக்கிட்டே இருங்க.

மலைப்பாதை (கோவை)

நண்பர்களே, வேலை முடிஞ்சுது!

நேத்து ராத்திரி மொட்டை மாடியில நானும் தங்கச்சியும் உக்காந்து செஞ்சோம். அவ புனலைப் பிடிச்சுக்கிட்டா, நான் சிரிஞ்ச். புது ஆயில் ரோஜாப்பூ நிறத்துல இருக்கு, உள்ள இருந்து வந்தது கழுவின தண்ணி மாதிரி சாம்பல் நிறம். ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே வரலை. காலிபரை நாலு தட்டு தட்டினதும் கடுகளவு காத்துக் குமிழிகள் வரிசையா வந்துச்சு, அப்புறம் புளியங்கொட்டை அளவுக்கு ஒரே ஒரு பெரிய குமிழி "பொளக்"னு புனல்ல வெடிச்சுது. தங்கச்சி கத்தியே விட்டா. அதோட லீவர் இறுகிடுச்சு. ஒரு சொட்டுக் காத்துக்கா நான் பஸ் முன்னாடி நிக்க முடியாமப் போனேன்னு நினைச்சா இப்பவும் உடம்பு சிலிர்க்குது.

பின்னாடி புது ரெசின் பேட் போட்டேன் (என் டிஸ்க்குல அந்த எழுத்து இருக்கு அக்கா). டிஸ்க்கை மூணு தடவை துடைச்சேன், கடைசித் துணி வெள்ளையாவே வந்துச்சு. இப்ப ரெண்டு சந்தேகம். புது பேட் பிடிமானமே இல்லாத மாதிரி இருக்கு. அப்புறம் சக்கரம் சுத்தும்போது ஒரு இடத்துல "ஸ்ஸ்க்... ஸ்ஸ்க்"னு உரசுது.

சில்வர் ஓக் (ஊட்டி)

ரொம்ப சந்தோஷம் தம்பி! தங்கச்சிக்கும் வாழ்த்துச் சொல்லுங்க.

புது பேட் அப்படித்தான் இருக்கும், பழக்கணும். வண்டி நடமாட்டம் இல்லாத சமதளத்துல ஓரளவு வேகமா போய், ஒரே சீரா பிரேக் பிடிச்சு நடக்கற வேகத்துக்குக் கொண்டு வாங்க, ஆனா முழுசா நிறுத்தாதீங்க. இப்படி இருபது தடவை. அப்புறம் இன்னும் கொஞ்சம் வேகத்துல பத்துத் தடவை. பேட்ல இருந்து மெல்லிசா ஒரு படலம் டிஸ்க்குல ஏறும், அது ஏறினாத்தான் பிடிக்கும். தடவைக்குத் தடவை வித்தியாசம் உங்க விரல்லயே தெரியும். முடிச்ச கையோட டிஸ்க்கைத் தொட்டுடாதீங்க, தோல் வெந்துடும்.

எழுபது வளைவு (நாமக்கல்)

அடுப்பு விஷயத்துல அக்கா சொன்னதை ஏத்துக்கறேன். பேட் கழண்டு வரும்ங்கறதை நான் யோசிச்சதே இல்ல. என் வண்டிக்கும் புது பேட் சொல்லிட்டேன்.

உரசலுக்கு: காலிபரைப் பிடிச்சிருக்கற ரெண்டு போல்ட்டையும் 5 மி.மீ. ஆலன் கீயால லேசா தளர்த்துங்க. லீவரை அழுத்திப் பிடிச்சபடியே ரெண்டையும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. காலிபர் தானா நடுவுக்கு வந்துடும். அப்பவும் ஒரே இடத்துல மட்டும் உரசினா டிஸ்க் லேசா வளைஞ்சிருக்கு. நிமிர்த்தறதுக்கு முன்னாடி கையை நல்லா கழுவுங்க, விரல்ல இருக்கற எண்ணெய்ப் பசையும் ஆயில்தான்.

மலைப்பாதை (கோவை)

போல்ட் வேலை செஞ்சுடுச்சு அண்ணா, உரசல் போச்சு. இன்னிக்குக் காலைல வீட்டுப் பக்கம் இருபதும் பத்தும் பழக்கினேன். பன்னெண்டாவது தடவைக்கு மேல பின் பிரேக் ஒரு விரல்ல நிக்குது.

வர்ற ஞாயிறு மறுபடி கோத்தகிரி போகலாம்னு இருக்கேன். வாட்டர் சர்வீஸ் கிடையாது, வீட்டுலயே வாளித் தண்ணியும் பழைய பிரஷும். பஞ்சர் ஆனா வண்டியைப் படுக்க வெக்கலாமா, இல்ல அதுவும் கூடாதா?

தேயிலைத்தடம் (குன்னூர்)

செயின் இல்லாத பக்கமா, லீவர் கொஞ்சம் உயரமா இருக்கற மாதிரி சரிவுல படுக்க வைங்க, போதும். கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு லீவரையும் பத்து எண்ணற வரைக்கும் அழுத்திப் பிடிச்சுப் பாருங்க, மெதுவா கூட உள்ள நகரக் கூடாது. நானும் ஞாயித்துக்கிழமை வரேன் தம்பி. காலை ஏழு மணிக்கு அரவேனு பஸ் ஸ்டாப். பம்ப் நான் கொண்டு வரேன்.