கிறிஸ்தவக் கல்லூரியில் பல்துறை ஆனர்ஸும் இன்டர்நேஷனல் ஸ்டடீஸும்: மகளை அனுப்பலாமா?

கேள்வி – கிருஷ்ணகிரித் தாய்

அனைவருக்கும் வணக்கம். பிளஸ் டூவில் கலைப் பிரிவு எடுத்துத் தேறிய என் மகளுக்கு, அமெரிக்காவில் உள்ள ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் நான்காண்டு இன்டர்நேஷனல் ஸ்டடீஸ் (நாடுகளுக்கிடையிலான உறவுகள் பற்றிய) படிப்பில் இடமும், கட்டணத்தில் ஒரு பகுதிக்கு உதவித்தொகையும் கிடைத்துள்ளன. அத்துடன் பல துறைகளை இணைத்து நடத்தும் ஆனர்ஸ் வகுப்புகளிலும் சேருமாறு எழுதியிருக்கிறார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். அந்த ஆனர்ஸ் வகுப்பில் உண்மையில் என்ன நடக்கும்? அங்கே பெறும் பட்டம் இங்கே மேற்படிப்புக்கும் யு.பி.எஸ்.சி. தேர்வுக்கும் செல்லுமா? மதுரையிலோ தாம்பரத்திலோ சேர்த்தால் போதாதா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

பதில் – ஓசூர்வாசி, அமெரிக்காவில் இளங்கலை படித்தவர்

அம்மா, டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் என்றால் ஒரே பாடத்தை ஆழமாகப் படிப்பது. அமெரிக்கக் கல்லூரிகளில், முதன்மைப் பாடம் எதுவானாலும், தேர்ந்தெடுத்த சில மாணவர்களை ஒரு குழுவாக்கி, வரலாறு, தத்துவம், இலக்கியம், அறிவியல் ஆகியவற்றைச் சேர்த்துக் கற்பிக்கும் ஏற்பாட்டுக்கே அந்தப் பெயர். கலிஃபோர்னியாவில் உள்ள பயோலா பல்கலைக்கழகத்தின் டோரி ஆனர்ஸ் கல்லூரியில் விரிவுரையைவிடக் கலந்துரையாடலுக்கே முதலிடம். மூல நூல்களைப் படித்துவிட்டு வந்து மேசையைச் சுற்றி அமர்ந்து விவாதிக்க வேண்டும். படிக்காமல் போனால் வாய் திறக்க முடியாது. பெரும்பாலான இடங்களில் கடைசி ஆண்டில் ஓர் ஆய்வேடும் உண்டு. மதிப்பெண் சராசரி குறைந்து ஆனர்ஸிலிருந்து விலக நேர்ந்தால் உதவித்தொகையும் போய்விடுமா என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கச் செல்லும்போது அந்தத் தொகை தொடருமா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

பதில் – தருமபுரிக் கல்லூரி ஆசிரியர்

பல்துறைப் படிப்பு என்றதும் நுனிப்புல் மேய்வது என்று நினைத்துவிட வேண்டாம். நம் மாவட்டங்களின் குடிநீரையே பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் ஃபுளோரைடுக்கு வைத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். இங்கே பல ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகளில் அதைவிட மிகுதியாக இருந்ததால்தான் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது; பெரியவர்களுக்கு மூட்டுகள் இறுகின. ஃபுளோரைடு பாறையிலிருந்து நீரில் கலப்பதைச் சொல்ல நிலவியல் வேண்டும், நோயைச் சொல்ல மருத்துவம் வேண்டும். தீர்வாக வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் கடன் கொடுத்தது. 2008-இல் கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்து பணி சிறிது காலம் நின்றது. 2013-இல்தான் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஜப்பான் ஏன் கடன் தருகிறது, எந்த நிபந்தனையில் தருகிறது, இரு மாநிலங்களின் ஆற்றுநீர்த் தகராறு அதை எப்படித் தொடுகிறது என்று கேட்கத் தொடங்கினால் அதுவே இன்டர்நேஷனல் ஸ்டடீஸ். இப்படி ஒரு கேள்வி உங்கள் மகளிடம் இருந்தால் இந்தப் படிப்பு அவளுக்கு உரியது. வெளிநாடு பார்க்கும் ஆசை மட்டும் இருந்தால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெரியவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 1881-இல் தோன்றிய மதுரை அமெரிக்கன் கல்லூரியும் தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியும் 1978-இலேயே தன்னாட்சி பெற்றவை; பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமை அவற்றுக்கு உண்டு. அங்கே பி.ஏ. முடித்து, சி.யு.இ.டி. என்னும் பொது நுழைவுத் தேர்வை முதுநிலைக்கு எழுதி, டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜே.என்.யு.) பன்னாட்டு ஆய்வுப் பள்ளிக்குச் செல்லும் வழியும் நல்ல வழியே. செலவும் மிகக் குறைவு.

பதில் – வெளிநாட்டுக் கல்வி ஆலோசகர், கிருஷ்ணகிரி

சமயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாக் கிறிஸ்தவக் கல்லூரிகளும் ஒரே மாதிரி அல்ல. இலினாயில் உள்ள வீட்டன் கல்லூரியில் மாணவர்கள் ஒழுக்க உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டும். சேப்பல் எனப்படும் கல்லூரி வழிபாட்டுக்கும் கட்டாயம் வர வேண்டும். மிச்சிகனில் உள்ள கால்வின் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் விசுவாச அறிக்கை, அதாவது கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்பதாக உறுதிமொழி, கேட்பதில்லை. உங்களுக்கு இடம் தந்த கல்லூரியின் மாணவர் கையேட்டை வரி விடாமல் படியுங்கள். வேற்றுச் சமய மாணவருக்கு அங்கே அறிவுச் சுதந்திரம் இருக்குமா என்ற அச்சத்துக்கு நம் ஊரிலேயே விடை உண்டு: முன்னாள் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தபோது 1908-இல் முதுகலைக்காக எழுதிய ஆய்வேடு வேதாந்த அறவியலைப் பற்றியதே.

பட்டம் செல்லுமா என்பதற்கு முதலில் அந்தக் கல்லூரிக்கு அங்குள்ள முறையான அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஏப்ரலில் வந்த விதிமுறைகளின்படி வெளிநாட்டுப் பட்டங்களுக்கு பல்கலைக்கழக மானியக் குழுவே (யு.ஜி.சி.) இணைத்தன்மைச் சான்று, அதாவது இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்று, வழங்குகிறது. யு.பி.எஸ்.சி.க்கும் இணையான பட்டமாக ஏற்கப்பட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன்: எஃப்-1 என்னும் அமெரிக்க மாணவர் விசாவில் படிப்புக்குப் பின் பன்னிரண்டு மாதம் வேலைப் பயிற்சிக்கு இடமுண்டு; அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் இருபத்து நான்கு மாதம் பொதுவாக இந்தப் பாடத்துக்குக் கிடைக்காது. கடன் வாங்குவதானால் இந்தக் கணக்கை வைத்தே வாங்குங்கள்.

கிருஷ்ணகிரித் தாய்

மூவருக்கும் மிக்க நன்றி. என் கணவர் மாம்பழக் கூழ் ஆலையில் வேலை செய்கிறார். கூழ் பெருமளவில் சவுதிக்குப் போவதைக் கேட்டு வளர்ந்ததால் மகள் அரபு மொழியை எடுக்க விரும்புகிறாள். அது சரிவருமா?

ஓசூர்வாசி

நல்ல தேர்வு, அம்மா. சிறிய கல்லூரிகளில் ஸ்பானிஷ், பிரெஞ்சு மொழிகளே பெரும்பாலும் முழுமையாக இருக்கும்; அரபு தொடக்க நிலையோடு நின்றுவிடலாம். எத்தனை செமஸ்டர் அரபு நடத்துகிறார்கள், வெளிநாட்டு செமஸ்டரை அரபு பேசும் நாட்டில் படித்தால் அந்தக் கிரெடிட்டுகளை (பாட மதிப்பலகுகளை) பட்டத்தில் சேர்ப்பார்களா என்று கேட்டு, பதில் வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.